பெருங்குடல் புண் அழற்சியும் உயிரியல் மருந்துகளும்

பெருங்குடல் புண் அழற்சி என்பது பெருங்குடலின் உட்சுவர் சிவந்து, வீங்கி, புண்ணாகி, இரத்தம் கசியும் நாட்பட்ட நோயாகும். மருத்துவர்கள் இதனை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பர். 2005ஆம் ஆண்டு முதல் இந்நோய்க்கு உயிரியல் மருந்துகள் என்னும் புதிய வகை ஊசி மருந்துகள் பயன்பட்டு வருகின்றன. அவை எவ்வாறு தோன்றின, உண்மையில் எவ்வளவு பயன் தருகின்றன, காசநோய் பரவியுள்ள நம் நாட்டில் அவற்றைத் தருவதில் உள்ள சிக்கல் என்ன என்பவற்றை இக்கட்டுரை கால வரிசையில் விளக்குகிறது. இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ளத் திருவள்ளூர் மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. காசநோய்க் கிருமி மக்களிடையே எந்த அளவுக்கு மறைந்து வாழ்கிறது என்பதை உலகுக்குக் காட்டிய பெரிய ஆய்வு ஒன்று 1968இல் இம்மண்ணில்தான் தொடங்கியது.

நோயின் இயல்பு

நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் வெளியிலிருந்து வரும் கிருமிகளைத் தாக்கி அழிக்கிறது. பெருங்குடல் புண் அழற்சியில் அந்தப் படை, குடலின் சொந்தச் சுவர்மீதே திரும்புகிறது. அது ஏன் திரும்புகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பிறவிக்கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்தே நோயைத் தோற்றுவிக்கின்றன. நோய் மலக்குடலில் தொடங்கி, இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும். இதன் உடன்பிறப்பு போன்ற கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கலாம். பெருங்குடல் புண் அழற்சியோ பெருங்குடலின் உள்படலத்தோடு நிற்கும்.

இரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு, அடிவயிற்று வலி, அடக்க முடியாத அவசரம், சோகை, எடைக் குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். நோய் சில மாதம் தணிந்திருக்கும். பிறகு மீண்டும் சீறும். இளம் வயதினரையே பெரும்பாலும் பிடிக்கிறது. பல ஆண்டுகள் கட்டுக்குள் வராமல் இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

நம் ஊரில் மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்றோ, உடம்புச் சூடு என்றோ, சீதபேதி என்றோ முடிவு கட்டிவிடுவது வழக்கம். மூலமும் அமீபாவால் வரும் சீதபேதியும் இங்கு அதிகம் என்பதால் அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆனால் வாரக்கணக்கில் நீடிக்கும் இரத்தப்போக்கை அப்படி விட்டுவிட்டால், நோய் முற்றிய பிறகே கண்டறியப்படும். மலப் பரிசோதனையும், கொலனாஸ்கோபி எனப்படும் குடல் உள்நோக்கிப் பரிசோதனையும், திசுத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும் சேர்ந்தே நோயை உறுதிசெய்கின்றன.

உயிரியல் மருந்துகளுக்கு முன்

1859இல் இலண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ், இறந்த ஒரு நோயாளியின் குடலில் கண்ட புண்களைப் பற்றி எழுதினார். தொற்றால் வரும் சீதபேதியிலிருந்து இந்நோய் வேறானது என்ற கருத்து அதன்பின் மெல்ல வலுப்பெற்றது.

முதல் பயனுள்ள மருந்து சுவீடனிலிருந்து வந்தது. மருத்துவப் பேராசிரியர் நானா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்கென உருவாக்கிய சல்பாசலசீன், குடல் அழற்சியையும் தணிப்பதை 1940களின் தொடக்கத்தில் அறிவித்தார். அது இரு பொருள்கள் இணைந்த மருந்து. அவற்றுள் எது குடலில் வேலை செய்கிறது என்பது நீண்ட காலம் தெரியவில்லை. இன்றைய வங்கதேசத்தைச் சேர்ந்த ஆசாத் கான், ஆக்ஸ்போர்டில் சிட்னி ட்ரூலவுடன் ஆய்வு செய்தபோது இரண்டையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார். பயன் தருவது 5-அமினோசாலிசிலிக் அமிலம் என்று 1977இல் தெளிவாயிற்று. இன்று மெசலமின் என்ற பெயரில் இலேசான, நடுத்தரமான நோய்க்கு முதலில் தரப்படுவது இதுவே.

அதே ட்ரூலவும் விட்ஸும் 1955இல் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தின் ஆய்வு முடிவை வெளியிட்டனர். 210 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு மருந்துப்போலியும் கொடுத்தனர். மருந்துப்போலி என்பது மருந்து போலவே தோன்றும், ஆனால் மருந்து இல்லாத பொருள். ஆறு வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 41.3 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலி பெற்றவர்களில் 15.8 விழுக்காட்டினருக்கும் நோய் முழுமையாகத் தணிந்தது. நாளுக்கு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட முறை இரத்தத்தோடு மலம் போவது, அத்துடன் காய்ச்சல், விரைந்த நாடி, சோகை ஆகியவை இருப்பதுதான் கடுமையான நோய் என்று அவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் வழக்கில் உள்ளது.

ஸ்டீராய்டு தீயை அணைக்கும்; ஆனால் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. எலும்பு தேய்வு, சர்க்கரை நோய், கண்புரை, முகவீக்கம், தொற்று எனப் பக்கவிளைவுகள் நீளும். நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பும். ஸ்டீராய்டைக் குறைக்க அசதயோபிரின் என்னும் மாத்திரை உதவியது. ஆனால் அது பலன் காட்ட மாதங்கள் ஆகும். எதற்கும் அடங்காதவர்களுக்குப் பெருங்குடலையே அறுத்து நீக்கினர். 1978இல் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கோல்ஸும் சிறுகுடலின் கடைப்பகுதியைப் பை போல் தைத்து ஆசனவாயோடு இணைக்கும் முறையை அறிவித்தனர். வயிற்றில் நிரந்தரமாகப் பை கட்டிக்கொள்ளும் நிலை அதனால் பலருக்குத் தவிர்ந்தது. இருந்தாலும், இருபது வயதில் பெருங்குடலை இழப்பது எளிய செய்தி அன்று. அறுவைக்கு முன் இன்னொரு படி தேவைப்பட்டது.

இந்தியாவில் இந்நோய்

இது மேலைநாட்டு நோய், நமக்கு வராது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. லூதியானாவைச் சேர்ந்த அஜித் சூட் குழுவினர் பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று 51,910 பேரை ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். இலட்சம் பேருக்கு 44.3 பேர் என்ற அளவில் இந்நோய் இருந்தது. ஐரோப்பிய நாடுகளைவிட இது குறைவு என்றாலும் இல்லை என்று சொல்லத்தக்கதன்று. அதே விகிதம் எங்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒரு கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொண்டால், பத்து இலட்சம் பேருள்ள பகுதியில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்வர்.

உயிரியல் மருந்து என்றால் என்ன

பாராசிட்டமால் போன்ற மருந்துகள் வேதிப்பொருள்களைக் கலந்து ஆலையில் செய்யப்படுபவை. உயிரியல் மருந்துகளோ உயிருள்ள செல்களுக்குள் வளர்த்தெடுக்கப்படும் பெரிய புரதங்கள். அவற்றுள் முதன்மையானவை ஓரின எதிர்ப்பொருள்கள். பூட்டுக்கேற்ற சாவி போல, ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் தேடிப் பிடிப்பது எதிர்ப்பொருளின் குணம். ஒரே வகை எதிர்ப்பொருளை அளவின்றி உற்பத்தி செய்யும் வழியைக் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் 1975இல் கண்டனர்; 1984இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்புரதங்களை விழுங்கினால் வயிற்றில் செரித்துவிடும். அதனால்தான் இவை நரம்பு வழியாகவோ தோலுக்கடியிலோ ஊசியாகத் தரப்படுகின்றன.

இவற்றின் பெயர்கள் வாயில் நுழையாதவை போலத் தோன்றும். ஆனால் அவற்றில் ஓர் ஒழுங்கு உண்டு. 'மாப்' என்று முடிந்தால் அது ஓரின எதிர்ப்பொருள். அதற்கு முன் 'சி' வந்தால் எலியும் மனிதனும் கலந்த புரதம் (இன்ஃப்ளிக்சிமாப்). 'சு' வந்தால் பெரும்பகுதி மனிதத் தன்மை ஆக்கப்பட்டது (வெடோலிசுமாப்). 'மு' அல்லது 'னு' என உகரம் வந்தால் முழுமையாக மனிதப் புரதம் (அடலிமுமாப், உஸ்டெகினுமாப்). புதிய மருந்துகளுக்கு இந்த முறை பின்னர் மாற்றப்பட்டது. எலிப் பகுதி மிகுதியாக இருந்தால் நம் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்க்கும் வாய்ப்பு அதிகம்.

முதல் மருந்து: இன்ஃப்ளிக்சிமாப்

அழற்சியைத் தூண்டும் தூதுவர்களுள் டி.என்.எஃப். என்ற புரதம் முக்கியமானது. கட்டி நசிவுக் காரணி என்பது அதன் பொருள். புற்றுநோய் ஆய்வில் 1975இல் பெயர் பெற்ற இப்பொருள், மூட்டுகளிலும் குடலிலும் அழற்சித் தீயை மூட்டுவது பின்னர் தெரிந்தது. அதைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் யான் வில்செக், ஜுன்மிங் லீ ஆகியோர் சென்டோகோர் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கினர். அதுவே இன்ஃப்ளிக்சிமாப். 1998இல் கிரோன் நோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

பெருங்குடல் புண் அழற்சிக்கும் இது உதவுமா என்பதற்கு 2005இல் விடை கிடைத்தது. ஆக்ட் 1, ஆக்ட் 2 என்ற இரண்டு ஆய்வுகளில் தலா 364 நோயாளிகள் பங்கேற்றனர். பெல்ஜிய மருத்துவர் பால் ருட்கீர்ட்ஸ் முதன்மை ஆசிரியராக இருந்தார். வழக்கமான மருந்துகளைப் பயன்படுத்தியும் நோய் அடங்காதவர்களே சேர்க்கப்பட்டனர். ஆக்ட் 1 ஆய்வில், உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் மருந்து பெற்றோரில் 69 விழுக்காட்டினர் எட்டு வாரத்தில் முன்னேற்றம் கண்டனர். மருந்துப்போலி பெற்றோரில் 37 விழுக்காட்டினர். நோய் முழுமையாகத் தணிந்தோர் முறையே 38.8 விழுக்காடும் 14.9 விழுக்காடும் ஆவர். 54 வாரத்தில் தணிவு நிலையில் இருந்தோர் 34.7 விழுக்காடும் 16.5 விழுக்காடும். அந்த ஆண்டே இந்நோய்க்கும் ஒப்புதல் கிடைத்தது.

கடும் நோயாளிகளுக்கு இதன் பொருள் இன்னும் பெரிது. அதே 2005இல் சுவீடனும் டென்மார்க்கும் இணைந்து நடத்திய சிறு ஆய்வில், ஸ்டீராய்டு ஊசிக்கும் அடங்காமல் மருத்துவமனையில் கிடந்த 45 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரே ஒரு முறை இன்ஃப்ளிக்சிமாப் பெற்ற 24 பேரில் 7 பேருக்கு மூன்று மாதத்துக்குள் பெருங்குடலை நீக்க வேண்டி வந்தது. மருந்துப்போலி பெற்ற 21 பேரில் 14 பேருக்கு நீக்க வேண்டியதாயிற்று.

பின்வந்த மருந்துகள்

அடலிமுமாப்: இதுவும் டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்தே. நோயாளி தாமே வீட்டில் தோலுக்கடியில் போட்டுக்கொள்ளலாம். 2012இல் இந்நோய்க்கு அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அதற்கு அடிப்படையான ஓர் ஆய்வில் எட்டு வாரத்தில் தணிவு கண்டோர் 16.5 விழுக்காடு, மருந்துப்போலியில் 9.3 விழுக்காடு. வசதி கூடினாலும் பலன் அடக்கமானதே. கோலிமுமாப் என்ற இன்னொரு டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்து 2013இல் வந்தது.

வெடோலிசுமாப்: இதன் வழி வேறு. இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழைய ஒரு நுழைவுச்சீட்டு வேண்டும். ஆல்பா4 பீட்டா7 என்ற புரதமே அந்தச் சீட்டு. வெடோலிசுமாப் அதை மறைத்துவிடுகிறது. கூண்டில் வளர்க்கப்படும்போது இயல்பாகவே குடல் அழற்சிக்கு ஆளாகும் ஒரு வகைத் தென்னமெரிக்கச் சிறு குரங்குகளிடம் இந்த வழி பலிப்பது 1996இல் காட்டப்பட்டது. மனிதர்களிடம் நடந்த ஜெமினி 1 ஆய்வு 2013இல் வெளியாயிற்று. ஆறு வாரத்தில் முன்னேற்றம் கண்டோர் 47.1 விழுக்காடு; மருந்துப்போலியில் 25.5 விழுக்காடு. உடல் முழுவதையும் அடக்காமல் பெரும்பாலும் குடலில் மட்டும் செயல்படுவதே இதன் சிறப்பு.

உஸ்டெகினுமாப்: இன்டர்லூக்கின் 12, இன்டர்லூக்கின் 23 ஆகிய இரு தூதுவர்களைத் தடுக்கிறது. 2019இல் வெளியான யூனிஃபை ஆய்வில் எட்டு வாரத்தில் தணிவு கண்டோர் சுமார் 15.5 விழுக்காடு, மருந்துப்போலியில் 5.3 விழுக்காடு. இன்டர்லூக்கின் 23ஐ மட்டும் தடுக்கும் மிரிகிசுமாப் 2023இலும், ரிசாங்கிசுமாப், குசெல்குமாப் ஆகியவை 2024இலும் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றன.

டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரையும் இந்நோய்க்குத் தரப்படுகிறது. அது செல்களில் வளர்க்கப்படும் புரதம் அன்று, வேதிமருந்து. ஆகவே உயிரியல் மருந்துகளின் பட்டியலில் சேராது.

எண்களைப் படிக்கும் முறை

'69 விழுக்காட்டினருக்குப் பலன்' என்று விளம்பரம் போலப் படித்தால் தவறான எண்ணம் ஏற்படும். மருந்துப்போலி பெற்றவர்களிலும் 37 விழுக்காட்டினர் தேறினர் அல்லவா? இந்நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. ஆகவே மருந்தால் மட்டும் கிடைத்த கூடுதல் பலன் 69இலிருந்து 37ஐக் கழித்து வரும் 32 ஆகும். மூன்று பேருக்கு மருந்து கொடுத்தால், அவர்களுள் ஏறக்குறைய ஒருவர் மருந்தாலேயே முன்னேறுகிறார் என்பது இதன் பொருள். முழுத் தணிவை எடுத்தால் வேறுபாடு 24. நான்கு பேருக்கு ஒருவர்.

இங்கே 1955ஆம் ஆண்டின் கார்ட்டிசோன் எண்களை மீண்டும் பார்ப்பது பயன் தரும். அங்கும் தணிவில் வேறுபாடு ஏறக்குறைய 25 விழுக்காடுதான். அப்படியானால் அரை நூற்றாண்டில் முன்னேற்றமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆக்ட் ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பழைய மருந்துகள் கைவிட்டவர்கள். மேலும், ஸ்டீராய்டை ஆண்டுக்கணக்கில் கொடுக்க இயலாது. இன்ஃப்ளிக்சிமாபை எட்டு வாரத்துக்கு ஒருமுறை தொடரலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஜெமினி 1 ஆய்வில், எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெடோலிசுமாப் பெற்றோரில் 41.8 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் தணிவு நிலையில் இருந்தனர். மருந்துப்போலிக்கு மாற்றப்பட்டோரில் 15.9 விழுக்காட்டினர். ஆனால் இந்த இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்பட்டோர் முதல் ஆறு வாரத்தில் முன்னேற்றம் கண்டவர்கள் மட்டுமே. நூறு பேர் தொடங்கினால் 47 பேர் முதல் கட்டத்தைத் தாண்டுவர். அவர்களுள் 42 விழுக்காடு என்றால் சுமார் 20 பேர். நூற்றுக்கு 42 என்பதும் நூற்றுக்கு 20 என்பதும் நோயாளிக்கு ஒன்றல்ல. வெவ்வேறு ஆய்வுகளின் விழுக்காடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று முடிவு செய்யவும் கூடாது.

இரண்டு மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வே நம்பத்தக்கது. அத்தகைய வார்சிட்டி ஆய்வு 2019இல் வெளியாயிற்று. 52 வாரத்தில் தணிவு கண்டோர் வெடோலிசுமாபில் 31.3 விழுக்காடு, அடலிமுமாபில் 22.5 விழுக்காடு.

முதலில் பலன் கண்டவர்களிலும் சிலருக்கு நாளடைவில் மருந்து வேலை செய்யாமல் போகும். உடல் அம்மருந்துக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்வது ஒரு காரணம். இன்ஃப்ளிக்சிமாபுடன் அசதயோபிரினும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 16 வாரத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் தணிவு பெற்றோர் 39.7 விழுக்காடு, இன்ஃப்ளிக்சிமாப் மட்டும் பெற்றோரில் 22.1 விழுக்காடு. உயிரியல் மருந்து நோயை அடக்கும், வேரோடு களையாது.

காசநோயும் திருவள்ளூரும்

டி.என்.எஃப். வீணான பொருள் அன்று. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் புகுந்தால், உடல் அதைச் சுற்றி வெள்ளணுக்களால் மதில் எழுப்பிச் சிறைவைக்கிறது. கிருமி சாகாமல் உறங்கிக் கிடக்கும். மனிதர் நலமாகவே இருப்பார். அந்த மதில் இடியாமல் காப்பதில் டி.என்.எஃப்.க்குப் பெரும் பங்கு உண்டு. டி.என்.எஃப்.பை முடக்கினால் குடல் ஆறும், மதிலும் தளரும். 2001இல் ஜோசப் கீன் குழுவினர், இன்ஃப்ளிக்சிமாப் பெற்றபின் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றி எழுதினர். அவர்களுள் 48 பேருக்கு மூன்று அல்லது அதற்கும் குறைவான ஊசிகளிலேயே நோய் வெளிப்பட்டது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் காசநோய் பரவியிருந்தது.

ஐரோப்பாவில் இந்த ஆபத்து சிலருக்கு மட்டும். நம் பகுதியில் எத்தனை பேருக்கு? இக்கேள்விக்கு விடை தேடத் திருவள்ளூரின் வரலாற்றுக்குப் போக வேண்டும். அக்காலத்தில் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது; 1997இல்தான் தனி மாவட்டமாயிற்று. பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காசநோயிலிருந்து காக்கிறதா என்று அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக நல நிறுவனத்தின் துணையோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையின் துணையோடும் 1968இல் இங்கு ஆய்வைத் தொடங்கியது. உலகில் செங்கல்பட்டு ஆய்வு என்று பெயர் பெற்றாலும், அதன் களம் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களே. வீடு வீடாகக் கணக்கெடுத்து, தோலில் ஊசிச் சோதனை செய்து, எக்ஸ்ரே எடுத்து, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ மருந்துப்போலியோ போட்டனர்.

பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயன் தரவில்லை என்ற முடிவு 1979இல் வெளியாகி உலகை அதிரவைத்தது. பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் இன்றும் அது போடப்படுகிறது. நம் கட்டுரைக்கு வேண்டியது அவ்வாய்வின் வேறொரு கண்டுபிடிப்பு: களத்தில் இருந்த மக்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் காசநோய்க் கிருமியின் தொற்று ஏற்கெனவே இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். வயலுக்கும் சந்தைக்கும் போய்வந்த சாதாரண மனிதர்கள்.

இது பழைய கதையாகிவிடவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் சுமார் 31 விழுக்காட்டினருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இக்கணக்கெடுப்பை ஒருங்கிணைத்தது சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956இல் தொடங்கப்பட்டு, காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறலாம் என்று உலகுக்கு நிறுவிக் காட்டியதும் அதே நிறுவனந்தான்.

இதன் விளைவைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2018இல் பதிவு செய்தனர். குடல் அழற்சி நோய்க்கு இன்ஃப்ளிக்சிமாப் பெற்ற 69 பேரில் 8 பேருக்குக் காசநோய் வந்தது. முன்னதாகவே சோதனைகள் செய்த பிறகும் இப்படி நேர்ந்தது என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

ஊசிக்கு முன் செய்ய வேண்டியவை

டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்து தொடங்கும் முன் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, நோயாளிக்கோ வீட்டாருக்கோ முன்பு காசநோய் இருந்ததா என்பது. நோயாளி அதை மறைக்கக் கூடாது. அடுத்து மார்பு எக்ஸ்ரே. ஐயம் இருந்தால் சி.டி. ஸ்கேன். தோலில் போடும் மாண்டூ சோதனையும், இக்ரா எனப்படும் இரத்தச் சோதனையும் மறைந்திருக்கும் தொற்றைத் தேடுபவை.

இச்சோதனைகளுக்கு வரம்பு உண்டு. பி.சி.ஜி. போட்டவர்களுக்கும், மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவினக் கிருமிகளோடு பழகியவர்களுக்கும் மாண்டூ தவறாகத் தடிக்கலாம். அத்தகைய கிருமிகள் இப்பகுதியில் மிகுதி என்பதும் செங்கல்பட்டு ஆய்வு காட்டியதே. மாறாக, ஸ்டீராய்டு உட்கொள்பவருக்குத் தொற்று இருந்தும் சோதனை 'இல்லை' என்று காட்டலாம். ஆகவே, கூடுமானால் ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே சோதனை செய்வது நல்லது.

மறைந்த தொற்று இருந்தால் ஐசோனியசிட் முதலிய தடுப்பு மருந்தைத் தொடங்கி, மூன்று நான்கு வாரம் கழித்தே உயிரியல் மருந்து தரப்படும். தடுப்பு மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. ஊசி தொடரும் காலம் முழுவதும் மாலைக் காய்ச்சல், இருமல், எடைக் குறைவு, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி சோதனையும் இதே போலத் தேவை. குடலில் மட்டும் செயல்படும் வெடோலிசுமாபிலும், உஸ்டெகினுமாபிலும் காசநோய் ஆபத்து குறைவு. நம் நாட்டில் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எது அதிகப் பலன் தரும் என்பதோடு இதையும் சேர்த்தே எடைபோட வேண்டியுள்ளது.

விலையும் தொழிலாளரும்

உயிரியல் மருந்தின் காப்புரிமை முடிந்தபின் மற்ற நிறுவனங்கள் அதைப்போலவே செய்வது ஒத்த உயிரியல் மருந்து எனப்படும். உயிருள்ள செல்களில் வளர்வதால் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. பலனும் பாதுகாப்பும் ஒன்றே என்று ஆய்வால் மெய்ப்பிக்க வேண்டும். இதற்கான வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு 2012இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் காடிலா நிறுவனம் 2014 டிசம்பரில் உலகின் முதல் ஒத்த அடலிமுமாபை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் சுமார் 1,000 டாலர் விலையுள்ள ஊசி, இங்கு சுமார் 200 டாலருக்குக் கிடைத்தது. ஒத்த மருந்துக்கு மாறுவதால் தீங்கு உண்டா என்று நார்வே அரசின் செலவில் நடந்த இன்ஃப்ளிக்சிமாப் ஆய்வு 2017இல் வெளியாயிற்று. நோய் முற்றியோர் மூல மருந்தில் 26 விழுக்காடு, ஒத்த மருந்தில் 30 விழுக்காடு. ஆய்வாளர் முன்கூட்டி வகுத்த வரம்புக்குள் இவ்வேறுபாடு அடங்கியது.

ஐந்தில் ஒரு பங்கு விலையும் எளிதன்று. அடலிமுமாப் முதல் நாள் 4 ஊசி, இரண்டாம் வாரம் 2 ஊசி, பின்னர் இரு வாரத்துக்கு ஒன்று என்று போட்டால் முதல் ஆண்டில் 30 ஊசிகள் ஆகும். 2014ஆம் ஆண்டு விலையில் அது 6,000 டாலர். அன்றைய மதிப்பில் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கும் மேல். பின்னர் பல இந்திய நிறுவனங்கள் களத்தில் இறங்கியதால் விலை இறங்கியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இன்ஃப்ளிக்சிமாப் ஒரு முறைக்கு 300 மில்லிகிராம் தேவை. முதல் ஆண்டில் எட்டு முறை, அதாவது 100 மில்லிகிராம் குப்பிகள் 24.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களில் பணிபுரிவோருக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இதில் சேர்வர் என்ற வரம்பு 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி காப்பீட்டில் உள்ள ஒருவரின் ஆண்டு வருமானம் அதிகபட்சம் இரண்டரை இலட்சம். மேற்சொன்ன மருந்துச் செலவு அதைவிட அதிகம். காப்பீட்டாளரின் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை என்பது ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் பெரிய பலம். ஆனால் வேலை நின்று சந்தா நின்றால், சில மாதத்தில் உரிமையும் நின்றுவிடும். ஒப்பந்த வேலையில் இருப்போருக்கும் வெளிமாநிலத் தொழிலாளருக்கும் இந்த ஆபத்து அதிகம். இடையில் நின்று மீண்டும் தொடங்கினால் உடல் மருந்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகையால் தொடர்ந்து கிடைக்குமா என்று தெரியாமல் இம்மருந்தைத் தொடங்குவது அறிவுடைமை ஆகாது.

நோயின் சுமை மருத்துவமனையோடு முடிவதும் இல்லை. சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் மின்தொடர் வண்டிகளில் கழிப்பறை கிடையாது. மீஞ்சூரையும் பொன்னேரியையும் கடந்து வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு நாளுக்கு எட்டு முறை அவசரம் வந்தால், அவர் வேலையை விடுவதா நோயை மறைப்பதா என்ற நிலைக்குத் தள்ளப்படுகிறார். ஆய்வறிக்கையில் 'தணிவு' என்று ஒரு சொல்லாக நிற்பது, அவருக்குப் பயமின்றி வண்டி ஏறும் காலைப்பொழுது ஆகும்.

தொகுப்புரை

உயிரியல் மருந்துகள் பெருங்குடல் புண் அழற்சியின் வரலாற்றில் ஒரு திருப்பம். பழைய மருந்துகள் கைவிட்ட பலருக்கு அவை பெருங்குடலைக் காப்பாற்றித் தந்துள்ளன. ஆயினும் அவை எல்லாருக்கும் பலிப்பவை அல்ல. முழுத் தணிவைப் பொறுத்தவரை, மருந்துப்போலியைக் காட்டிலும் நூற்றுக்கு ஏழு முதல் இருபத்தைந்து பேர் வரை கூடுதலாகப் பயனடைகின்றனர் என்பதே ஆய்வுகள் சொல்லும் அளவு. மேலைநாட்டு ஆய்வு எண்களை அப்படியே இங்குக் கொண்டுவரவும் இயலாது. மக்களில் மூன்றில் ஒருவரிடம் காசநோய்க் கிருமி உறங்கும் நாட்டில், மருந்தின் நன்மையிலிருந்து அந்த ஆபத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

2022 ஜனவரியில் திருவள்ளூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தடுப்பூசி ஆய்வுக்குக் கை நீட்டிய இவ்வூர்களின் பேரப்பிள்ளைகள், மலத்தில் இரத்தம் கண்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போவதும், ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனையைக் கேட்டுப் பெறுவதும், தொடங்கிய மருந்தை இடையில் விடாதிருப்பதும் இம்மருந்துகளின் முழுப் பயனை அடையும் வழியாகும்.